ஓர் எதிர்ப்பொருள் பெட்டியுடன் 14 மாதங்கள்: டர்பன் ஆய்வகத்திலிருந்து

செல்லுக்குள் அழுத்தச் செய்தியைக் கடத்தும் பி38, ஜே.என்.கே. என்ற இரண்டு புரதங்களைப் பார்க்க உதவும் எதிர்ப்பொருள்கள், அதாவது குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் மூலக்கூறுகள், அடங்கிய பெட்டி இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்பேட் ஏறிய பி38 புரதத்தைக் காட்டும் எதிர்ப்பொருளுக்காக இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். ஜே.என்.கே. ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும் என்பவர்கள், கீழே நான் சொல்லப்போகும் 42, 44 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) கதையைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் கையேட்டை மட்டும் நம்பி இறங்கினால் முதல் மூன்று வாரமும் எதிர்ப்பொருளில் பாதியும் வீணாகும். எங்களுக்கு வீணானது.

நான் பாளையங்கோட்டையில் படித்தவள். 11 ஆண்டுகளாக டர்பனில் ஓர் ஆய்வகத்தில் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். செல் வளர்ப்பதும், புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் பட்டைகளாகப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டுவதும்தான் என் அன்றாடம். முனைவர் பட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்கா வரும் பிள்ளைகள், "அக்கா, எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களின் திரட்டு இது. தயாரித்தவர் பெயரையும் விற்றவர் பெயரையும் போடவில்லை. இதே சேர்க்கையைப் பலரும் விற்கிறார்கள். நான் இதற்கு முன் கையாண்ட வேறு இரண்டு பெட்டிகளிலும் குறை நிறைகள் ஏறக்குறைய இப்படியேதான் இருந்தன.

பெட்டிக்குள் ஐந்து சிறு குப்பிகள். பாஸ்போ பி38, மொத்த பி38, பாஸ்போ ஜே.என்.கே., மொத்த ஜே.என்.கே. என்று முயலில் உருவாக்கிய நான்கு முதல்நிலை எதிர்ப்பொருள்கள், ஒவ்வொன்றும் 20 மைக்ரோலிட்டர். பாஸ்போ என்பது பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பிடிக்கும், மொத்தம் என்பது ஏறியதையும் ஏறாததையும் பிடிக்கும். ஐந்தாவது, முயல் எதிர்ப்பொருளைப் பிடித்து ஒளி தரும் இரண்டாம்நிலை எதிர்ப்பொருள். எல்லாவற்றையும் சேர்த்து 14,000 ராண்டுக்குச் சற்று மேல் கொடுத்தோம். எங்கள் ஆய்வகத்துக்கு இது சிறிய தொகை இல்லை.

இந்தப் பணத்தை ஏன் செலவழித்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரை எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. வயது 74. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்த குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவருடைய தங்கைக்கும் சர்க்கரை, மூத்த மகனுக்கும் சர்க்கரை. அந்தத் தெருவில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்சுலின் உடம்பில் இருந்தும் செல் அதன் சொல்லைக் கேட்காமல் போவது எப்படி என்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் கேள்வி. அந்தக் கேள்வியைத் தொடுகிற எவரும் ஒரு நாள் ஜே.என்.கே. வாசலில் வந்து நிற்பார்கள்.

அழுத்தத்தால் தூண்டப்படும் புரதக் கைனேஸ்கள் என்று ஜே.என்.கே.-யையும் பி38-ஐயும் சொல்கிறோம். கைனேஸ் என்பது வேறு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. இங்கே அழுத்தம் என்றால் மன உளைச்சல் இல்லை. புற ஊதாக் கதிர், உப்புச் செறிவு, வெப்பம், புரத உற்பத்தியை நிறுத்தும் நஞ்சு, அழற்சியைப் பரப்பும் டி.என்.எஃப். போன்ற மூலக்கூறு, அளவுக்கு மீறிய கொழுப்பு அமிலம் என ஒரு செல்லை நிலைகுலைய வைக்கும் எதுவும் இதில் அடங்கும். செய்தி மூன்று கை மாறி வருகிறது. மேல்நிலைக் கைனேஸ்கள் எம்.கே.கே.3, 4, 6, 7 என்ற இடைநிலைக் கைனேஸ்களைத் தூண்டுகின்றன. அவற்றில் 3-உம் 6-உம் பெரும்பாலும் பி38-ஐத் தூண்டுகின்றன, 4-உம் 7-உம் ஜே.என்.கே.-யைத் தூண்டுகின்றன. தூண்டுவது என்பது பி38, ஜே.என்.கே. உடலில் நடுவே ஒன்றை விட்டு அருகருகே இருக்கும் த்ரியோனின், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலும் பாஸ்பேட்டை ஏற்றுவதுதான். ஏறிவிட்டால் அவை உட்கருவுக்குள்ளும் வெளியிலும் உள்ள தம் இலக்குகளைப் போய்த் தட்டுகின்றன. பழுது பார்ப்பதா, அழற்சியை அறிவிப்பதா, செல் தன்னையே முடித்துக்கொள்வதா என்ற முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. டி.யு.எஸ்.பி. என்ற நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிச் செய்தியை அணைக்கின்றன. பெட்டியில் உள்ள பாஸ்போ எதிர்ப்பொருள்கள் இந்த இரண்டு பாஸ்பேட்டும் ஏறிய நிலையை மட்டும் பிடிக்க வேண்டும். நாம் பணம் கொடுப்பது அதற்குத்தான்.

இந்தக் குடும்பத்தின் கதை தொடங்கியது கல்லீரலில்தான் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. 1990-இல் பாஸ்டனில் ஜான் கிரியாக்கிஸும் ஜோசப் அவ்ரக்கும் புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் கல்லீரலிலிருந்து 54 கிலோடால்டன் எடையுள்ள ஒரு கைனேஸைப் பிரித்தார்கள். 1994-இல் அதுவும், புற ஊதாக் கதிருக்குப் பதில் சொல்லும் ஜே.என்.கே.-யும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. அதே ஆண்டில் பி38-உம் வெளிச்சத்துக்கு வந்தது. பாக்டீரியாச் சுவரின் நஞ்சுக்குப் பதிலாகப் பாஸ்பேட் ஏறும் புரதம் என்று ஒரு குழுவும், அழற்சியைக் குறைக்கும் ஒரு மருந்துக் கூட்டுப்பொருள் ஒட்டிக்கொள்ளும் இடம் என்று இன்னொரு குழுவும் அதைக் கண்டன. நாங்கள் வளர்க்கும் ஹெப் ஜி2 செல்களும் கல்லீரலைச் சேர்ந்தவைதான்.

பெட்டி வந்து சேர்ந்த கதை இனிமையானதில்லை. 2023 பிப்ரவரி, தைப்பூசக் காவடி முடிந்த வாரம். ஜோஹன்னஸ்பர்க் சுங்கத்தில் நான்கு நாள் கிடந்து, பனிக்கட்டிப் பொதிகள் வெதுவெதுப்பாகி வந்து சேர்ந்தது. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விற்றவருக்கு அன்றே படத்தோடு எழுதினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. அதன் பிறகு இரண்டாம்நிலைக் குப்பியை மட்டும் மாற்றித் தந்தார்கள். அந்த இரண்டு வாரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பொருளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். முதல்நிலைக் குப்பிகளில் பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்திருப்பதால் அவை கழித்தல் 20 டிகிரியிலும் உறைவதில்லை, சில நாள் வெப்பத்தைத் தாங்கவும் செய்கின்றன. வெப்பம் பட்ட நான்கு குப்பிகளும் 14 மாதமும் வேலை செய்தன. அவற்றைச் சிறு பங்குகளாகப் பிரித்து வைக்காதீர்கள். 20 மைக்ரோலிட்டரைப் பிரித்தால் குழாய்ச் சுவரில் ஒட்டியே பாதி போய்விடும்.

பி38-க்கு வருகிறேன். புதிய எதிர்ப்பொருள் எதுவானாலும் நான் முதலில் ஜெல்லில் மூன்று கிணறு, அதாவது மாதிரி ஊற்றும் மூன்று குழிகள், ஓட்டுவேன். ஒன்றில் எதுவும் செய்யாத செல், அடுத்ததில் அனிசோமைசின் கொடுத்து 30 நிமிடம் வைத்த செல், மூன்றாவதில் அதே அனிசோமைசின் மாதிரியை லாம்டா பாஸ்பட்டேஸ் நொதியால் பாஸ்பேட் நீக்கியது. அனிசோமைசின் ரைபோசோமைத் தாக்கி இந்தக் கைனேஸ்களை ஓங்கி எழுப்பும், விலையும் குறைவு. முதல் கிணற்றில் மெல்லிய நிழல், இரண்டாவதில் கரும்பட்டை, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. 40-க்குச் சற்று மேலே ஒரே ஒரு பட்டை, சுற்றிலும் தூசு கிடையாது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஆயிரத்துக்கு ஒன்று என்று நீர்க்கச் சொல்கிறது கையேடு, அதை இரண்டாயிரத்துக்கு ஒன்று என்று ஆக்கினாலும் பட்டை தெளிவாகவே வந்தது. கெடாமல் இருக்கச் சிறிது சோடியம் அசைடு சேர்த்து நான்கு டிகிரியில் வைத்து, அதே கரைசலை மூன்று முறை பயன்படுத்தினோம். இரண்டாம்நிலைக் கரைசலில் மட்டும் அசைடைச் சேர்த்துவிடாதீர்கள். ஒளி தரும் பெராக்சிடேஸ் நொதி செத்துப்போகும், படம் வெறுமையாக வரும், நாள் முழுவதும் காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

ஜே.என்.கே. வேறு கதை. பாஸ்போ ஜே.என்.கே. எதிர்ப்பொருள் 46, 54 என்ற இரண்டு பட்டைகளைக் காட்ட வேண்டும். காட்டியது. அவற்றுக்குக் கீழே 42, 44 இடத்தில் இன்னும் இரண்டு பட்டைகளையும் காட்டியது. அவை ஜே.என்.கே. இல்லை, வளர்ச்சிச் சமிக்ஞைக்குப் பதில் சொல்லும் ஈ.ஆர்.கே. என்ற உறவினர்கள். இதைச் சோதிக்க, ஒரு தட்டில் செல்களை இரவு முழுவதும் சீரம் இல்லாமல் வைத்துவிட்டு, தோல் வளர்ச்சிக் காரணியை ஐந்து நிமிடம் கொடுத்தோம். ஈ.ஆர்.கே. பாய்ந்தெழும், ஜே.என்.கே. அவ்வளவாக அசையாது. அந்த மாதிரியில் எங்கள் "ஜே.என்.கே." எதிர்ப்பொருள் 42, 44 இரண்டையும் அழகாகப் பளிச்சிட்டது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பாஸ்பேட் ஏறும் இடம் ஈ.ஆர்.கே.-யில் த்ரியோனின், குளுட்டமிக் அமிலம், டைரோசின் என்ற வரிசையில் இருக்கிறது. ஜே.என்.கே.-யில் நடுவில் புரோலின், பி38-இல் நடுவில் கிளைசின். நடுவில் நிற்கும் ஓர் அமினோ அமிலமும் சுற்றுப்புறமும்தான் வித்தியாசம். பி38-க்கான எதிர்ப்பொருள் அந்த வித்தியாசத்தைச் சரியாகப் பார்க்கிறது, ஜே.என்.கே.-க்கானது தடுமாறுகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். ஒரு வரியும் இல்லை.

இதனால் வரும் ஆபத்து சிறியதில்லை. 12 சதவீத ஜெல்லில் அவசரமாக ஓட்டினால் 44-உம் 46-உம் ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். அதை அளந்து, ஜே.என்.கே. மூன்று மடங்கு கூடியது என்று எழுதிவிடலாம். கூடியது ஈ.ஆர்.கே.-யாக இருக்கும். 10 சதவீத ஜெல்லை எடுத்து, 37 கிலோடால்டன் அடையாளப் பட்டை அடிக்கு வரும் வரை பொறுமையாக ஓட்டுங்கள். 54 பட்டையைத் தனியாகவும் அளந்து பாருங்கள், அதற்கு அருகில் வேறு யாரும் இல்லை. இன்னொரு தவறையும் நேர்காணல்களில்கூடக் கேட்டிருக்கிறேன். 46 என்றால் ஜே.என்.கே.1, 54 என்றால் ஜே.என்.கே.2 என்பார்கள். அப்படி இல்லை. இரண்டு மரபணுக்களுமே வெட்டி ஒட்டும் முறையில் இரண்டு அளவுப் புரதத்தையும் தருகின்றன. எது எந்த மரபணுவிலிருந்து வந்தது என்பதை இந்தப் பெட்டியால் சொல்ல முடியாது. அதேபோல நான்கு வகை பி38-களையும் பிரித்துக் காட்ட முடியாது.

அந்தக் குறை நோயைப் பற்றிப் பேசும்போதுதான் உறைக்கிறது. 2002-இல் கோகான் ஹோட்டாமிஸ்லிகில் குழு, ஜே.என்.கே.1 இல்லாத எலிகளுக்குக் கொழுப்புணவு கொடுத்தபோது அவை குறைவாகவே பருத்தன, இன்சுலினுக்கு நன்றாகப் பணிந்தன. ஜே.என்.கே. இன்சுலின் ஏற்பியின் கீழே நிற்கும் ஐ.ஆர்.எஸ்.-1 புரதத்தின் செரின் ஒன்றில் பாஸ்பேட்டை ஏற்றி அதன் வாயை அடைக்கிறது என்ற விளக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. அப்படியானால் கல்லீரலில் ஜே.என்.கே.1-ஐ எடுத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். 2009-இல் ரோஜர் டேவிஸ் குழு அதைச் செய்து பார்த்தது. கல்லீரல் செல்லில் மட்டும் ஜே.என்.கே.1-ஐ நீக்கிய எலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது, இன்சுலினுக்குப் பணிவது குறைந்தது. கொழுப்புத் திசுவில் கெடுதல் செய்கிற அதே கைனேஸ் கல்லீரலில் காவல் நிற்கிறது. மூளையில் கதை இன்னும் வேறு. அங்கே அதிகமாக இருப்பது ஜே.என்.கே.3. அது இல்லாத எலிகளின் நரம்புச் செல்கள் வலிப்பைத் தூண்டும் கைனிக் அமிலத்திலிருந்து தப்பின என்று 1997-இல் காட்டினார்கள். ஆகவே, "ஜே.என்.கே. கூடியது" என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு நோயைப் பேச முடியாது. எந்தத் திசு, எந்த வகை, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் வேண்டும். பெட்டி மூன்றாவதற்கு மட்டும்தான் நேர்மையாகப் பதில் சொல்கிறது.

அந்த மூன்றாவதைப் பற்றித்தான் கையேட்டில் ஒன்றுமே இல்லை. டி.என்.எஃப். கொடுத்தால் எங்கள் செல்களில் ஜே.என்.கே. 15 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. பாமிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தால் மெல்ல ஏறி, 16 மணி நேரம் கழித்தும் இறங்காமல் நிற்கிறது. குறுகிய நேரம் எழுந்து அடங்கும் ஜே.என்.கே.-யைச் செல் தாங்கிப் பிழைக்கும், மணிக்கணக்கில் அணையாமல் எரிவதோ சாவுக்கு இழுக்கும். ஒரே ஒரு நேரப் புள்ளியை மட்டும் எடுத்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். 5, 15, 30, 60, 120 நிமிடம் என்று குறைந்தது ஐந்து தட்டாவது வையுங்கள். பணம் போதாவிட்டால் எத்தனை மருந்தளவுகளைச் சோதிப்பது என்ற எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், நேரங்களைக் குறைக்காதீர்கள்.

கட்டுப்பாட்டுத் தட்டைப் பற்றிய இன்னொரு பாடத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு மின்வெட்டில். 2023 இந்த நாட்டில் மின்வெட்டு மிக மோசமாக இருந்த ஆண்டு. கைப்பேசியில் அட்டவணையைப் பார்த்துத்தான் ஜெல் ஊற்றுவோம். ஜூன் மாதம் ஒரு நாள் மின்சாரம் போனபோது ஜெனரேட்டரும் எழவில்லை. இரண்டு மணி நேரம் செல் வளர்ப்புப் பெட்டி குளிர்ந்தது, கரியமில வாயுவும் இறங்கியது. மின்சாரம் திரும்பி, பெட்டி சூடேறிய பிறகு, திட்டமிட்டபடியே சோதனையை நடத்தினோம். படத்தில் எதுவும் கொடுக்காத கட்டுப்பாட்டுத் தட்டிலேயே பாஸ்போ பி38 கரியாக நின்றது. என்னுடன் வேலை பார்க்கும் முதுகலை மாணவி, டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் பிறந்த பெண், "அக்கா, எதிர்ப்பொருள் கெட்டுவிட்டது" என்றாள். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பழைய அனிசோமைசின் மாதிரிகளைப் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். எதிர்ப்பொருள் சரியாகவே இருந்தது. செல்கள்தான் குளிர்ந்து சூடான வேதனையைச் சொல்லியிருந்தன.

அன்றிலிருந்து எங்கள் கட்டுப்பாட்டுத் தட்டை நாங்கள் நடத்தும் விதமே மாறிவிட்டது. வளர்ப்பூடகத்தை மாற்றுவதுகூடச் செல்லுக்கு ஒரு தட்டுதான். தட்டை வெளியே எடுத்து மேசையில் ஐந்து நிமிடம் வைத்துப் பேசிக்கொண்டிருப்பதும் அப்படியே. சோதனைக்கு முந்தைய மாலையே ஊடகத்தை மாற்றிவிடுகிறோம். மருந்தைக் கரைத்த கரைப்பானைக் கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே கையால், அதே நேரத்தில் சொட்டுகிறோம். முடிக்கும்போது ஒவ்வொரு தட்டாக எடுத்து, ஊடகத்தை உறிஞ்சிய மறுநொடியே, நொதிகளை அப்படியே நிறுத்திவிடும் கொதிக்கும் எஸ்.டி.எஸ். கரைசலை ஊற்றிவிடுகிறோம். பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் ஏற்றும் நொதிகளைப்போலவே சுறுசுறுப்பானவை, மெதுவாகச் செல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தால் நாம் பார்க்க வந்ததை அவை துடைத்துவிடும். கொதிகரைசல் முறை பிடிக்காதவர்கள், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும் சோடியம் ஆர்த்தோவனடேட், சோடியம் ஃபுளோரைடு, பீட்டா கிளிசரோபாஸ்பேட் மூன்றையும் கரைசலில் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

கையேட்டின் மீது எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல், எதிர்ப்பொருள் சவ்வில் கண்ட இடத்தில் ஒட்டாமல் பார்க்கும் தடுப்புக் கரைசலைப் பற்றியது. சவ்வை ஐந்து சதவீதப் பால் பொடிக் கரைசலில் ஊற வைக்கச் சொல்கிறது. பாலில் இருக்கும் கேசீன் என்பதே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்போ எதிர்ப்பொருளுக்கு அது பின்புல மாசைக் கொண்டுவரலாம். எங்கள் முதல் நான்கு படங்கள் மேகமூட்டம்போல இருந்ததற்கு இதுதான் காரணம். மாட்டுச் சீரம் ஆல்புமினுக்கு மாறினோம், மேகம் கலைந்தது. ஆல்புமின் விலை அதிகம் என்பது உண்மைதான். மொத்த பி38-க்கும் மொத்த ஜே.என்.கே.-க்கும் பால் போதும், பாஸ்போ இரண்டுக்கும் ஆல்புமின் வையுங்கள்.

இப்போது அந்த முதுகலை மாணவியின் இன்னொரு கதை. இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பை எனக்குக் காட்டியது அதுதான். அவளுடைய ஆய்வில் பி38-ஐ எஸ்.பி.203580 என்ற தடுப்பானால் அடக்க வேண்டியிருந்தது. அடக்கினாள். பாஸ்போ பி38 பட்டை இறங்கவே இல்லை. அது மட்டுமா, பாஸ்போ ஜே.என்.கே. ஏறியது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அதேதான். புனித வெள்ளி விடுமுறைக்கு முந்தைய நாள், எல்லாரும் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தபோது, அவள் இருட்டறையிலிருந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். பெட்டியும் கெட்டது, தடுப்பானும் கெட்டது, தன் ஆய்வும் கெட்டது என்ற முடிவுக்கு வந்திருந்தாள்.

எதுவும் கெடவில்லை. எஸ்.பி.203580 பி38-இன் மேல் பாஸ்பேட் ஏறுவதைத் தடுப்பதில்லை. பாஸ்பேட் ஏறிய பி38 வேலை செய்வதைத்தான் தடுக்கிறது. பூட்டில் சாவி நுழைந்துவிட்டது, கதவு திறக்கவில்லை. கதவு திறந்ததா என்று பார்க்க, பி38-க்குக் கீழே இருக்கும் எம்.கே.2-ஐயோ அது தட்டும் எச்.எஸ்.பி.27-ஐயோ பார்க்க வேண்டும். அதற்கான எதிர்ப்பொருள் இந்தப் பெட்டியில் இல்லை. பக்கத்து ஆய்வகத்திலிருந்து பாஸ்போ எச்.எஸ்.பி.27 எதிர்ப்பொருளில் இரண்டு மைக்ரோலிட்டர் கடன் வாங்கி ஓட்டினோம். பட்டை அற்றுப்போயிருந்தது. தடுப்பான் தன் வேலையைச் செய்திருந்தது.

ஜே.என்.கே. ஏறியதற்கும் விளக்கம் உண்டு. பி38 தனக்கு மேலே இருக்கும் டி.ஏ.கே.1 என்ற கைனேஸின் துணைப் புரதமான டி.ஏ.பி.1-ஐத் தட்டி, "போதும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பி38-இன் வாயை மூடினால் அந்தப் "போதும்" மேலே போவதில்லை, டி.ஏ.கே.1 ஓயாமல் ஜே.என்.கே. பக்கம் செய்தியைத் தள்ளுகிறது. 2003-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஃபிலிப் கோஹன் குழு இதை விளக்கியது. அந்த மாணவி இருட்டறையில் அழுதுகொண்டு பார்த்தது அந்தப் பின்னூட்டத்தைத்தான். இதை அவளுக்குச் சொன்னபோது அவள் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். ஒரே சவ்வில் பி38-ஐயும் ஜே.என்.கே.-யையும் சேர்த்துப் பார்க்கும் வசதி இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது. பி38-ஐ மட்டும் தனிக் குப்பியாக வாங்கியிருந்தால் தவறிப்போயிருக்கும்.

மருந்து உலகம் இதே பாடத்தைப் பல கோடி செலவில் கற்றது. முடக்குவாதத்துக்கு பி38 தடுப்பான்களைக் கொடுத்த சோதனைகளில், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சில நாள் இறங்கி, சில வாரங்களில் மறுபடி ஏறியது. சில மருந்துகள் கல்லீரல் நொதிகளை உயர்த்தின. மாரடைப்பு வந்தவர்களுக்கு லோஸ்மாபிமோட் என்ற பி38 தடுப்பானைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை என்று 2016-இல் அறிவித்தார்கள். ஜே.என்.கே.-க்கு மேலே நிற்கும் கைனேஸ்களைத் தடுக்கும் சி.இ.பி.1347 பார்கின்சன் நோயில் உதவவில்லை. இன்னொரு மேல்நிலைக் கைனேஸான ஏ.எஸ்.கே.1-ஐத் தடுக்கும் செலான்செர்டிப் கொழுப்புக் கல்லீரல் நோயில் 2019-இல் தோற்றது. செல் தன்னைக் காத்துக்கொள்ளவும் இதே கைனேஸ்களைத்தான் பயன்படுத்துகிறது, எனவே எல்லா இடத்திலும் எல்லா நேரமும் அடக்கினால் நன்மையும் சேர்ந்து அடங்குகிறது. ஆயா ஒரு நாள் என்னிடம், "நீ கண்டுபிடித்தால் என் ஊசி நின்றுவிடுமா, கண்ணு?" என்று கேட்டார். இன்னும் இல்லை ஆயா, ஊசியை ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள் என்றேன். வேறு பதில் எனக்கு இல்லை.

மொத்த ஜே.என்.கே. குப்பியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது. மொத்த பி38-உம் அப்படியே. பாஸ்போ எதிர்ப்பொருளை உரித்துவிட்டு அதே சவ்வில் மொத்தத்தை ஓட்டச் சொல்கிறது கையேடு. உரிக்கும்போது புரதமும் கொஞ்சம் போகிறது. முடிந்தால் ஒரே மாதிரியை இரண்டு ஜெல்லில் ஓட்டுங்கள். இரண்டாம்நிலைக் குப்பி, மாற்றித் தந்ததும்கூட, சுமார்தான். ஆறு மாதத்தில் ஒளி மங்கியது, வேறு வாங்கினோம்.

யார் வாங்கலாம்? பி38-ஐயும் ஜே.என்.கே.-யையும் முதன்முறையாகத் தொடுகிற ஆய்வகம் இந்தப் பெட்டியில் தொடங்கலாம். ஓராண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை தனிக் குப்பிகளாக வாங்குங்கள். நாங்கள் இப்போது பாஸ்போ பி38-ஐ இதே தயாரிப்பாளரிடமும், பாஸ்போ ஜே.என்.கே.-யை வேறொருவரிடமும் வாங்குகிறோம். கூடவே, ஜே.என்.கே. உண்மையில் வேலை செய்ததா என்று பார்க்க அதன் இலக்கைக் காட்டும் பாஸ்போ சி-ஜூன், பி38-க்குப் பாஸ்போ எச்.எஸ்.பி.27. திசுத் துண்டுகளில் நிறமேற்றிப் பார்க்க நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். நாங்கள் இரண்டு முறை முயன்றோம், நம்பத்தக்க எதுவும் கிடைக்கவில்லை.

ஆர்டர் போடும் நாளையும் கவனியுங்கள். திங்கள்கிழமை ஜோஹன்னஸ்பர்க் வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். வியாழன், வெள்ளி வந்தால் வார இறுதி முழுவதும் கிடங்கில்தான் கிடக்கும். டிசம்பர் 16 விடுமுறைக்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் வரை எதையும் வரவழைக்காதீர்கள். வந்த பெட்டியைத் திறந்து குளிர்பெட்டியில் வைக்க ஆய்வகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.